நீலாஞ்சனையும் படச்சுருளும்

மூன்றாண்டுகளுக்கு முன் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த பஞ்சகல்யாணப் பெருவிழாவில், தீட்சா கல்யாணத்தன்று மாலை, நீலாஞ்சனை நடனத்தைக் காணும் பேறு நமக்குக் கிட்டிற்று. ஆதிபகவன் அரசவையில் வீற்றிருக்க, சௌதர்மேந்திரன் அனுப்பிய தேவமங்கை ஆடுகிறாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய ஆயுள் முடிகிறது, மின்னலென மறைகிறாள். அவையின் சுவை கெடலாகாதெனக் கருதிய இந்திரன் அக்கணமே அவளை ஒத்த மற்றொருத்தியை அவ்விடத்தில் தோற்றுவிக்கிறான். அவையோர் அனைவரும் ஒரே ஆட்டத்தைக் கண்டதாகவே எண்ணி மகிழ்ந்திருக்க, அவதிஞானமுடைய பகவான் ஒருவரே இடையில் நேர்ந்த மறைவைக் கண்டு, நிலையாமையை உன்னித் துறவு மேற்கொள்கிறார். ஸ்ரீபுராணம் வாசிக்கக் கேட்ட இல்லங்களில் இந்நிகழ்ச்சியை அறியாத குழந்தை இராது.

அன்று ஒரே நிறத்து ஆடையணிந்த இரு சிறுமியர் ஆடினர். மூத்தவள் மேடையின் ஓரத்தில் வீழ்ந்ததும் திரைமறைவிலிருந்து இளையவள் வெளிப்பட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். மிக நன்றாகவே ஆடினார்கள் என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டோம் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமக்கு முன்னிருந்தோர் அனைவரும் கைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தமையால், நீலாஞ்சனை வீழ்ந்த அக்கணத்தை முன்வரிசை அன்பர் ஒருவருடைய கைபேசியில் உள்ளங்கையளவு உருவமாகவே நாம் காண நேர்ந்தது.

மூத்த சிறுமியின் பாட்டியார் படுக்கையில் இருந்தவர். விழாவுக்கு வர இயலவில்லை. ஓராண்டு கழித்து, பெயர்த்தியின் ஆட்டத்தைத் தமக்கு ஒருமுறை காட்டுமாறு கேட்டார். நாற்பது கைபேசிகளாவது அன்று உயர்ந்திருக்கும். நாமே பலரை அணுகிக் கேட்டோம். ஒருவருடையது உடைந்துபோயிற்று, மற்றொருவர் விற்றுவிட்டுப் புதியது வாங்கியிருந்தார். நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர், "இடம் போதவில்லை, டீச்சர், கல்யாணப் படங்கள் எடுக்க வேண்டியிருந்தது, அழித்துவிட்டேன்" என்றார். அவர் மறைக்காமல் கூறியது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் 'இடம் போதவில்லை' என்னும் அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அச்சொல்லைப் பற்றி எண்ணும்போதெல்லாம், மேல்நாட்டில் நூறாண்டுகளுக்கு முன் ஆடிப் புகழ்பெற்று, தாம் நடித்த திரைப்படத்தை முற்றாக இழந்துவிட்ட நடனமாது ஒருவரின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

அவர் பெயர் மாட் ஆலன். கனடாவின் டொராண்டோ நகரில் 1873-ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். பியானோ இசை பயில்வதற்காக 1895-இல் பெர்லின் நகருக்குச் சென்றார். அதே ஆண்டில், இரண்டு இளம்பெண்களைத் தேவாலயம் ஒன்றில் கொலை செய்த குற்றத்திற்காக அவருடைய உடன்பிறந்தான் சிறைப்பட்டான், 1898-இல் தூக்கிலிடப்பட்டான். குடும்பப் பெயரான டுரான்ட் என்பதைத் துறந்து ஆலன் என்னும் பெயரைப் பூண்டு, இசையை விடுத்து நடனத்தை மேற்கொண்டார் அம்மையார். 1906-இல் வியன்னாவில் அரங்கேறிய 'சலோமியின் காட்சி' என்னும் ஆட்டமே அவரை உலகறியச் செய்தது. 1908-இல் இலண்டன் பாலஸ் அரங்கில் அது 250 முறைக்கு மேல் நிகழ்த்தப்பட்டது. 1913-இல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். வெள்ளையர் மாது ஒருத்தி இந்தியர் முன் ஆடுவதா என்று இங்கிருந்த ஆங்கிலேயர்கள் அப்போது கிளப்பிய சலசலப்பு சிறிதன்று.

சலோமியின் கதை கிறித்தவ மறையில் வருவது. மன்னன் முன் ஆடி அவனை மகிழ்வித்த இளம்பெண் ஒருத்தி, பரிசிலாக ஞானி ஒருவரின் தலையைக் கேட்டுப் பெறுகிறாள். ஒரு நடனம் துறவியின் தலையைக் கொய்வதில் முடிந்தது. மற்றொரு நடனம் தீர்த்தங்கரர் ஒருவரைத் துறவுக்குச் செலுத்தியது. ஆட்டத்தின்மீது பழியோ புகழோ சுமத்துவதற்கு இடமில்லை, காண்போர் உள்ளத்தில் எது இருந்ததோ அதுவே வெளிப்பட்டது என்று கொள்ளலாம். இவ்வம்மையார் மேடையில் பொம்மைத் தலை ஒன்றை ஏந்தி ஆடினாராம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதர மன்னன் அவ்வெண்ணத்தின் பயனாகப் பிறவிதோறும் பட்ட துன்பத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இச்செய்தி நெருடலாகவே இருக்கிறது. எனினும் பலியிடும் எண்ணம் வேறு, பலியின் கொடுமையைக் காட்டும் எண்ணம் வேறு. அம்மையாரின் எண்ணம் யாதென்று தீர்ப்புக் கூற நாம் யார்?

1915-இல் 'கம்பளம் நெய்வோன் மகள்' எனப் பொருள்படும் பெயரில் பாஸ்வொர்த் நிறுவனம் தயாரித்து, பாரமவுண்ட் வாயிலாக வெளியான மௌனப்படத்தில் மாட் ஆலன் தலைமைப் பாத்திரமேற்றார். ஆஸ்கார் ஆப்ஃபெல் என்பார் இயக்கினார். துருக்கி நாட்டுக் கம்பளக்காரர் ஒருவரின் மகளுக்கும் அமெரிக்க இளைஞன் ஒருவனுக்கும் ஏற்படும் காதலே கதை; அதனூடே அம்மையாரின் நடனங்களும் இடம்பெற்றன. அப்படத்தில் உடன் நடித்த ஜேன் டார்வெல் பின்னாளில் பெரும் புகழ் பெற்று, 1940-ஆம் ஆண்டுப் படத்துக்காக ஆஸ்கார் விருதும் வாங்கினார். அவரை இன்றும் பல படங்களில் காணலாம். மாட் ஆலன் நடித்த இப்படம் மட்டும் இன்று உலகில் இல்லை. இழந்த படங்களின் பட்டியலில் ஒரு பெயராக நிற்கிறது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முழுநீள மௌனப்படங்கள் சுமார் 11,000. அவற்றுள் வெளியான வடிவிலேயே எஞ்சியிருப்பவை நூற்றுக்கு 14 மட்டுமே என்று அந்நாட்டின் பேரவை நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் நாட்டிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. 1,300-க்கு மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்ட இந்நாட்டில் எஞ்சியவை மிகச் சிலவே. தென்னாட்டின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' அழிந்தே போயிற்று.

அழிவுக்குக் காரணங்கள் பல. பருத்தியை அமிலங்களில் ஊறவைத்துக் கற்பூரம் சேர்த்துச் செய்யப்பட்டது அக்காலப் படச்சுருள். அது நாட்பட நாட்படத் தானே அமில ஆவியை வெளியிட்டுப் பிசுபிசுத்து, தேன்போல் கசிந்து, இறுதியில் பழுப்பு நிறப் பொடியாக உதிரும். சிதைந்த சுருளோ நம் கத்திரி வெயிலையொத்த 40 டிகிரி வெப்பத்திலேயே தானாகத் தீப்பற்றவல்லது. பற்றிய நெருப்பு நீரினடியிலும் அணைவதில்லை. 1937-இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்பறை இவ்வாறே எரிந்தது. சுருளின்மேல் பூசப்பட்ட பூச்சோ வெள்ளியுப்பைப் பசைப்பொருளில் கலந்தது. ஜெலட்டின் எனப்படும் அப்பசை கால்நடைகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படுவது. கண்ணுக்கு இனிமையாகத் தோன்றிய அத்தனை நிழல்களும் உயிர்க்கொலையின் மீது படிந்தவையே என்று அறிந்தபோது நாம் சற்று நேரம் பேச்சின்றி இருந்தோம். அஹிம்சை பேசும் நம்மவர் இல்லங்களில் மாட்டியுள்ள பழைய புகைப்படங்களுக்கும் இது பொருந்தும்.

இயற்கையும் நெருப்பும் அழித்தவை போக, மனிதர் மனமாரக் கைவிட்டவையும் உண்டு. 1927-இல் பேசும்படம் வந்தபின் மௌனப்படத்தை விலைகொடுத்துக் காண்பார் இலர். சேமிப்பறைக்கு வாடகை கொடுத்துக் காப்பதைவிடச் சுருள்களைக் கரைத்து அவற்றிலிருந்த வெள்ளியை எடுத்துக்கொள்வது இலாபம் என்று உரிமையாளர் பலர் கண்டனர். யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த மௌனப்படச் சுருள்களை 1948-இல் அழித்தது. இடம் போதவில்லை என்பதே அங்கும் எழுந்த பேச்சு.

இங்கேதான் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. பொருள் யாவும் தோன்றி மறைந்து நிலைக்கும் தன்மையன என்பது நம் தத்துவார்த்த சூத்திரம். பர்யாயம் மறையும், திரவியம் நிற்கும். அநித்திய பாவனையை நாள்தோறும் சிந்திக்கும்படி நமக்கு விதித்துள்ளனர். அவ்வாறாயின் ஒரு படம் அழிந்ததற்கு நாம் வருந்துவது மோகமன்றோ? சுருளைக் கரைத்தவர், அறியாமலேயே, பற்றின்மையைக் கடைப்பிடித்தவர் ஆகாரோ? நம் இளைஞர் சிலர் இவ்வாறே வாதிடக் கேட்டிருக்கிறோம். வீட்டுப் பரண்மேல் கிடந்த ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும், அடுப்பில் இட்டவர்களும் இதே விடையைச் சொல்லியிருக்கக்கூடும்.

சமந்தபத்திராசாரியார் ஆப்தமீமாம்சையில் ஓர் உவமை தருகிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்யும்போது குடத்தை விரும்பியவன் துயருறுகிறான். மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி நடுநிலையில் நிற்கிறான். படச்சுருளைக் கரைத்தவரை இவ்வுவமையில் எங்கே வைப்பது? அவர் நடுநிலையில் நின்றவரல்லர். அவர் வெள்ளியை விரும்பினார். வெள்ளி கிடைத்ததும் மகிழ்ந்தார். நடனத்தின்மீது அவருக்கு இருந்தது பற்றின்மையன்று, அதைப் பற்றிய எண்ணமே இன்மை. நம் மாணவரும் நீலாஞ்சனையைத் துறக்கவில்லை. கல்யாணப் படங்களை விரும்பினார், அவ்வளவே. புறக்கணிப்புக்குப் பற்றின்மை என்று பெயரிடுவது பொய்ம்மை, சத்திய விரதத்திற்கே இழுக்கு என்பது நம் கருத்து.

நீலாஞ்சனை மறைந்ததை ஆதிபகவன் எவ்வாறு கண்டார்? அவதிஞானத்தால் என்பர். அதனுடன் நாம் ஒன்று சேர்த்து எண்ணுவதுண்டு: அவர் ஆட்டத்தைக் கருத்தூன்றிக் கண்டுகொண்டிருந்தார். காணாதவனுக்கு மறைவும் தெரியாது. திரைப்படமும் இந்திரனின் சூழ்ச்சியையே செய்கிறது. நொடிக்குப் பதினாறு அசையாப் படங்கள். ஒன்று மறைய மற்றொன்று அவ்விடத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் கதவு மூடித் திரை இருண்டுவிடுகிறது. ஏறக்குறையப் பாதி நேரம் மக்கள் இருளையே நோக்கி அமர்ந்திருக்கின்றனர். கண் அதனை அறிவதில்லை. 1915-இல் மாட் ஆலன் ஒரு கையை உயர்த்தினார் என்றால், அக்கை உயர்ந்தபோதே ஆயிரம் மறைவுகள் நிகழ்ந்துவிட்டன. அதன்பின் சுருள் அழிந்தது இறுதி மறைவு மட்டுமே.

அம்மையாரைக் குறித்து இன்று எஞ்சியிருப்பவை எவை? புகைப்படங்கள் சில, விமரிசனங்கள் சில, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நீதிமன்ற வழக்கின் நடவடிக்கைகள். 1918-இல் நோயல் பெம்பர்ட்டன் பில்லிங் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் தம் பத்திரிகையில் இவரைப் பற்றி இழிவாக வெளியிட, இவர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். வழக்கு மன்றத்தில் பில்லிங், இருபதாண்டுகளுக்கு முன் தூக்கிலிடப்பட்ட உடன்பிறந்தானின் குற்றத்தை எடுத்து அம்மையாரின் முகத்துக்கு நேரே வீசினார். பில்லிங் விடுதலை பெற்றார், மக்கள் ஆரவாரித்தனர். அவ்விசாரணை சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டு இன்றும் கிடைக்கிறது. எதிரி பேசிய பேச்சு கேடின்றி இருக்கிறது. அவர் ஆடிய படம் இல்லை. 1956-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் காலமானார். செய்யாத கொலையின் பழியை அறுபதாண்டுகள் சுமந்தவர் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இதனைப் படித்தபோது நமக்கு நம்முடைய நீலகேசியே நினைவில் எழுந்தது. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இன்று முழுமையாக இல்லை. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசி இருக்கிறது. அதன் உரையில் சமயதிவாகர வாமன முனிவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பகுதிகள் வாயிலாகவே அக்காப்பியத்தைப் பற்றி நாம் பெரிதும் அறிகிறோம். அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியைப் பதிப்பித்தபோது நம்மவர் பெற்ற மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் வழக்கில் வென்றவனின் வாய்மொழி மட்டும் நின்றுவிட்ட நிலையில், தோற்றவளின் உண்மை முழுதும் நமக்குத் தெரியும் என்று கூற இயலுமா? அநேகாந்தம் பேசும் நாம் கூறலாகாது. நம் எதிர்ப்பக்கத்தவரின் ஏடும் முழுமையாக இருந்திருக்கலாமே என்று விரும்புவதே ஸ்யாத்வாதிக்கு அழகு. நம் தரப்பிலும் இழப்பு உண்டன்றோ! வளையாபதியில் எஞ்சியவை 70 பாடல்கள் அளவே.

சிந்தாமணி மட்டும் எவ்வாறு தப்பியது? ஒரு பனையோலைச் சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே தலைமுறைதோறும் எவரேனும் ஒருவர் அமர்ந்து, எழுத்தாணி பிடித்து, எழுத்தெழுத்தாகப் பெயர்த்தெழுதினாலன்றி ஒரு நூல் நிற்பதில்லை. நிலையாமையைப் பாடும் நூலைத் தம் கண்ணொளி மங்கும்வரை பெயர்த்தெழுதியவர்கள் நம் முன்னோர். கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லங்களில் அந்நூல் முறையாக வாசிக்கப்பட்டு வந்தமையாலன்றோ, உ.வே. சாமிநாதையர் அவர்களிடம் ஐயந்தெளிந்து 1887-இல் அதனைப் பதிப்பிக்க முடிந்தது! சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தவர்கள் பற்றுக்கொண்டவர்களா? ஆதிபகவனே தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். எழுத்தைக் கொடுத்தது முந்தியது. நீலாஞ்சனையைக் கண்டு துறந்தது பிந்தியது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

எல்லாவற்றையும் காத்துவைக்க வேண்டுமா என்று கேட்பர். அவ்வாறும் நாம் கூறவில்லை. அந்நடனமாதின் படம் சிறந்ததாக இல்லாமலும் இருந்திருக்கலாம். கைபேசியில் பதினாயிரம் படங்களை அடுக்கி ஒன்றையேனும் மறுமுறை பாராதிருப்பதும் பரிக்கிரகமே. இல்லறத்தார்க்கு விதித்தது பரிக்கிரக பரிமாணம், அதாவது அளவு செய்துகொள்ளுதல். அளவு செய்ய வேண்டுமாயின் தன்னிடம் இருப்பது யாதென முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிப் பாராதவன் வைத்திருப்பதும் விரதமன்று, விடுவதும் விரதமன்று. மாதத்தில் ஒருநாள், அட்டமியிலோ சதுர்த்தசியிலோ, கைபேசியைத் திறந்து, இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, விடவேண்டியதை அறிந்து விட்டு, வைக்கவேண்டியதை இன்னாருக்கு என்று குறித்து வைக்கலாமே. இதனை நம் மாணவரிடமும் கூறினோம். "அதற்கு நேரம் ஏது, டீச்சர்?" என்றார்.

பாட்டியாரின் விருப்பம் வேறு வகையில் நிறைவேறியது. பெயர்த்தி பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, கட்டிலருகே பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பாட்டியார்முன் ஆடிக் காட்டினாள். இரண்டாண்டுகளில் உயரமாக வளர்ந்துவிட்டாள். பழைய உடை பொருந்தவில்லை. பாட்டு தெரிந்த அத்தை பாட, நாமும் உடனிருந்தோம். அடவுகள் சில மறந்துபோயிருந்தன. அவ்விடங்களில் தான் நினைத்தபடி இட்டு நிரப்பினாள். வீழ வேண்டிய இடம் வந்தது. அறையில் இடம் போதவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு மெல்லச் சரிந்து அமர்ந்து கண்களை மூடிக்கொண்டாள். பாட்டும் நின்றது.

பாட்டியார் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, "இன்னொருத்தி வரணுமே, அவள் எங்கேடி?" என்று கேட்டார். தங்கை ஊரில் இல்லை. சிறுமி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து, பாவாடையின் தூசைத் தட்டிவிட்டு, இரண்டாமவளாக ஆடத் தொடங்கினாள்.